மார்பக ரணசிகிச்சைக்குப் பின் தம்பதியரின் அன்னியோன்னியம்

மார்பகப் புற்றுநோய்க்கு ரணசிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பும் பெண்ணுக்கு வைத்தியசாலை கொடுத்தனுப்பும் காகிதங்களில், தையல் பிரிக்கும் நாள், மருந்து உட்கொள்ளும் வேளை, கைக்குச் செய்யவேண்டிய பயிற்சி, அடுத்த பரிசோதனைக்கு வரவேண்டிய தேதி ஆகிய யாவும் எழுதப்பட்டிருக்கும். ஆயின், அவள் தன் கணவனோடு மீண்டும் எவ்வாறு வாழத் தொடங்குவது, மாறிப்போன தன் சரீரத்தைத் தானே நோக்கும் துணிவை எங்கிருந்து பெறுவது, இருவர் மனத்திலும் குடிகொண்ட அச்சத்தை எவ்வாறு அகற்றுவது என்பவற்றைப் பற்றி அக்காகிதங்களில் பெரும்பாலும் ஒரு வரியும் இராது. கேட்கப்படாத கேள்விக்கு விடையும் கிடைப்பதில்லையாதலால், உயிர் பிழைத்த மகிழ்ச்சியோடு தொடங்கவேண்டிய வாழ்வு, பல இல்லங்களில் சங்கோசத்தோடும் சந்தேகத்தோடும் தொடங்குகின்றது.

இவ்விஷயம் ஒரு சிலரைப் பற்றியதன்று. உலகெங்கும் 2022-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதென்றும், அவர்களுள் இந்தியப் பெண்கள் சற்றேறக்குறைய 1,92,000 பேர் என்றும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீடு கூறுகின்றது. நம் நாட்டில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் இதுவே முதலிடம் வகிக்கின்றது. மேனாட்டுப் பெண்களோடு ஒப்பிடுமிடத்து நம் பெண்களை இந்நோய் இளவயதிலேயே பற்றுகின்றதாகையால், கணவனோடு கூடி வாழும் பருவத்தில், குழந்தைகளைப் பேணி வளர்க்கும் காலத்தில், சில சமயம் முதற்குழந்தையையே எதிர்நோக்கியிருக்கும் வேளையில், அவர்களுள் பலர் இச்சோதனைக்கு ஆளாகின்றனர். ஆகவே, நோயை நீக்கிய பின்னர் தம்பதியரின் மனமும் உறவும் எந்நிலையில் உள்ளன என்பதை ஆராய்வது, வைத்திய சாஸ்திரத்துக்குப் புறம்பானதொரு குடும்ப விவகாரமன்று; சிகிச்சையின் பிரிக்கவொண்ணாத பகுதியேயாம்.

சரித்திரம் காட்டும் பாதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலிருந்த வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் ரணவைத்தியர், மார்பகத்தையும், அதன் அடியிலுள்ள தசைகளையும், அக்குளிலுள்ள நெறிக்கட்டிகளையும் ஒருசேர அகற்றும் முறையைக் கையாண்டு, தாம் கண்ட பலனை 1894-இல் வெளியிட்டார். அதுவரை பெரும்பாலும் மரண தண்டனையாகவே கருதப்பட்டுவந்த நோய்க்கு அம்முறை ஒரு நம்பிக்கையைத் தந்தது என்பது உண்மை. எனினும், விலாவெலும்பு தெரியுமளவுக்குக் குழிந்த மார்பும், வீங்கிய கையும், தூக்கவொண்ணாத தோளும் அந்நம்பிக்கைக்குப் பெண்கள் செலுத்திய விலையாக அமைந்தன. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் அவ்விலையைப் பற்றிப் பெரும்பாலோர் வாதாடவில்லை. உயிர் தப்பியவள் உருவத்தைப் பற்றிக் கவலைப்படுதல் நன்றியின்மை என்றே கருதப்பட்டது.

இவ்வெண்ணத்தை மாற்றியவர்கள் இருவகையினர். முதலாவது வகையினர் விஞ்ஞானிகள். பிட்ஸ்பர்க் நகரின் பெர்னார்டு ஃபிஷரும், இத்தாலியின் மிலான் நகரிலிருந்த உம்பர்ட்டோ வெரோனெசியும், தொடக்க நிலையிலுள்ள நோய்க்கு மார்பகம் முழுவதையும் அகற்றுவதற்குப் பதிலாகக் கட்டியையும் அதனைச் சூழ்ந்த பகுதியையும் மட்டும் நீக்கிக் கதிரியக்கச் சிகிச்சை அளித்தாலும் ஆயுட்காலத்தில் வேறுபாடு இல்லை என்பதை 1970-களில் தொடங்கிய தங்கள் சோதனைகளால் நிறுவினர். 20 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த முடிவுகளை இருவரும் 2002-இல் வெளியிட்டபோது, அம்முடிவு ஐயத்துக்கு இடமின்றி உறுதிப்பட்டது.

இரண்டாவது வகையினர் நோயை அனுபவித்த பெண்களே ஆவர். நியூயார்க்கைச் சேர்ந்த டெரிஸ் லாசர் என்னும் மாது, 1952-இல் தமக்கு ரணசிகிச்சை நிகழ்ந்தபின், அதேபோல் சிகிச்சை பெற்ற பெண்களை வைத்தியசாலைப் படுக்கையருகே சென்று சந்தித்து, செயற்கை மார்பு அணியும் விதத்தையும், கையை அசைக்கும் பயிற்சியையும், அனைத்துக்கும் மேலாகத் தைரியத்தையும் அளிக்கும் தொண்டைத் தொடங்கினார். அத்தொண்டை 1969-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் தன் பணியாகவே ஏற்றுக்கொண்டது. 1974-இல், கணவர் அமெரிக்காவின் ஜனாதிபதியாகிச் சில வாரங்களே ஆகியிருந்த நிலையில், பெட்டி ஃபோர்டு அம்மையார் தமக்கு மார்பகம் அகற்றப்பட்டதை ஒளிவுமறைவின்றி உலகுக்கு அறிவித்தார். அதுவரை வீட்டினுள்ளேயே முணுமுணுக்கப்பட்டுவந்த ஒரு சொல், அன்றிலிருந்து பொதுவெளியில் உச்சரிக்கத்தக்க சொல்லாயிற்று.

நம் நாட்டிலோ, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தைத் தொண்டாக மாற்றிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் எழுந்த புற்றுநோய் நிலையம், டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, டாக்டர் சாந்தா ஆகியோரின் வாழ்நாள் உழைப்பால் வளர்ந்து, நோயாளியின் மனத்தைப் பேணுவதற்கெனத் தனித்துறை ஒன்றையும் தன்னகத்தே அமைத்துக்கொண்டது. நியூயார்க்கில் ஜிம்மி ஹாலண்டு என்னும் பெண் வைத்தியர் 1977 முதல் வளர்த்தெடுத்த புற்றுநோய் மனவியல் என்னும் சாஸ்திரம் தமிழகத்திலும் வேரூன்றியுள்ளது என்பதற்கு இது சான்றாகும். ஆயினும், தம்பதியரின் அந்தரங்க வாழ்வைப் பற்றிய பேச்சு அவ்வேரிலிருந்து இன்னும் தழைத்து எழவில்லை.

சரீரத்தில் நிகழும் மாறுதல்கள்

அந்தரங்க உறவு குன்றுவதற்குக் காரணம் மார்பகத்தை இழந்ததே என்று பெரும்பாலோர் எண்ணுகின்றனர். காரணங்களுள் அது ஒன்றேயன்றி, தலையாய காரணம் அதுவென்று கூறவியலாது. லாஸ் ஏஞ்சலிஸ், வாஷிங்டன் ஆகிய நகரங்களில் சிகிச்சை பெற்ற 1,957 பெண்களை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, கட்டியை மட்டும் நீக்கிக்கொண்டவர், மார்பகம் முழுவதையும் இழந்தவர், இழந்தபின் மார்பகத்தை மீண்டும் உருவாக்கிக்கொண்டவர் என மூவகையினரையும் ஒப்பிட்டது. தன் உருவத்தைப் பற்றிய மனநிறைவில் முதல் வகையினர் மேம்பட்டிருந்தனர்; ஆயின், நோய் கண்டு ஓராண்டு கடந்தபின் வாழ்க்கையின் தரத்தைப் பெரிதும் நிர்ணயிப்பவை பெண்ணின் வயதும், ரணசிகிச்சைக்குப் பின் அளிக்கப்பட்ட மருந்துகளுமே என்பது அவ்வாய்வின் முடிபாயிற்று. புதிய மார்பகத்தை உருவாக்கிக்கொண்டோருள் தாம்பத்திய வாழ்வு பாதிக்கப்பட்டதாகக் கூறியவர் விகிதம், மற்ற இரு வகையினரையும்விட மிகுந்திருந்தது என்பதும் சிந்திக்கத்தக்கது. உருவத்தை மீட்டுவிட்டால் உறவும் தானே மீண்டுவிடும் என்னும் எதிர்பார்ப்பு சரியன்று என்பதை அது உணர்த்துகின்றது.

மருந்துகள் செய்யும் மாற்றம் யாதெனில், கீமோ எனப் பலரும் வழங்கும் ரசாயன சிகிச்சை, கூந்தலை உதிர்ப்பதோடு நில்லாமல், சினைப்பைகளையும் தாக்கி, முப்பது நாற்பது வயதுப் பெண்களுக்கும் மாதவிலக்கை நிறுத்திவிடக்கூடும். இயற்கையாகச் சில ஆண்டுகளில் மெல்ல மெல்ல வரவேண்டிய மாறுதல் சில மாதங்களில் வந்து சேர்வதால், திடீரென உடம்பெல்லாம் கொதித்து வியர்த்தல், உறக்கமின்மை, காரணமற்ற அழுகை, பிறப்புறுப்பு வறண்டு கூடலின்போது எரிச்சலும் வலியும் உண்டாதல் ஆகியவை ஒருங்கே தோன்றுகின்றன. ஐந்தாண்டு முதல் பத்தாண்டு வரை உட்கொள்ளவேண்டிய ஹார்மோன் மாத்திரைகளும் இவற்றை நீட்டிக்கின்றன. குறிப்பாக, மாதவிலக்கு நின்றவர்களுக்கு அளிக்கப்படும் அரோமட்டேஸ் தடுப்பு மாத்திரைகள் வறட்சியையும் மூட்டு வலியையும் மிகுவிக்கின்றன. கூடல் வலிக்கின்றதென்றால் மனைவி விலகுகின்றாள். அவ்விலகலின் காரணம் மருந்து என்பதை அறியாத கணவன் அதனை வெறுப்பு என்று கொள்கின்றான். அல்லது, தான் வலியுண்டாக்கிவிட்டோமே என்று அஞ்சித் தானும் விலகுகின்றான்.

ரணசிகிச்சையாலும் சில தொல்லைகள் உண்டு. அக்குளினூடே செல்லும் நரம்பு வெட்டுப்படின், மேற்கையின் உட்புறமும் மார்பின் பக்கமும் மரத்துப்போகின்றன. சிலருக்கு மாதக்கணக்கில் சுரீர் என்ற வலி நீடிக்கின்றது. வேறு சிலருக்கு இல்லாத மார்பகம் இருப்பது போன்ற உணர்வும் தோன்றும். நெறிக்கட்டிகளை அகற்றியதால் நிணநீர் தேங்கிக் கை வீங்குவதும் உண்டு. புதிதாக உருவாக்கப்பட்ட மார்பகம் கண்ணுக்கு நிறைவளிப்பினும், அதில் பழைய ஸ்பரிச உணர்ச்சி பெரும்பாலும் மீள்வதில்லை. இவற்றையெல்லாம் முன்னரே எடுத்துரைத்திருந்தால், பெண் தன் உடம்பைக் கண்டு திகைக்கமாட்டாள். சொல்லப்படாமையாலேயே, தனக்கு மட்டும் ஏதோ விபரீதம் நேர்ந்துவிட்டதாக எண்ணி மறுகுகின்றாள்.

இருவர் மனத்திலும் நிகழ்வன

மார்பகம் என்பது பெண்ணுக்குத் தாய்மையின் நினைவும், இளமையின் அடையாளமும், கணவன் பாராட்டிய சௌந்தரியமும் ஒன்றாய்ச் சேர்ந்த உறுப்பு. அதனை இழந்தவள் ஒருவகையில் துக்கம் காக்கின்றாள். உயிர் பிழைத்ததே பெரிது என்று சுற்றத்தார் கூறும் ஆறுதல் உண்மையேயாயினும், அது அவள் துக்கத்துக்கு இடமளிக்காமல் வாயை அடைத்துவிடுகின்றது. அவள் ஆடை மாற்றும்போது கதவைத் தாழிடுகின்றாள், வெளிச்சத்தை வெறுக்கின்றாள், கணவன் அணுகினால் இரக்கத்தால் அணுகுகின்றானோ என்றும், அணுகாவிடின் அருவருப்பால் விலகுகின்றானோ என்றும் ஐயுற்று, எவ்வகையிலும் அமைதி காணாது தவிக்கின்றாள். ஒரு மார்பை இழந்து நின்ற கண்ணகிக்குக் கோயில் எடுத்து வழிபட்ட மரபு நம்முடையது. அவ்வாறிருந்தும், நம் வீட்டுப் பெண் அதே கோலத்தில் வந்து நிற்கும்போது அவள் தன்னைக் குறையுள்ளவளாகக் கருதும் நிலையை நாம் மாற்றாதிருக்கின்றோம்.

கணவன் மனத்தை ஆராய்ந்தோர் மிகச் சிலரே. வைத்தியசாலையில் பணம் கட்டுபவனாகவும், மருந்து வாங்கி வருபவனாகவும், வெளியே பெஞ்சில் அமர்ந்திருப்பவனாகவும் மட்டுமே அவன் காணப்படுகின்றான். அவனும் அஞ்சுகின்றான் என்பதை அவனிடம் கேட்பார் இல்லை. டென்மார்க் தேசத்தில் 20,000-க்கும் மேற்பட்ட ஆடவரைப் பல்லாண்டுகள் கண்காணித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு, மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் கண்டபின் கணவர்கள் கடுமையான மனச்சோர்வால் வைத்தியசாலையில் சேரும் வாய்ப்பு, ஏனைய ஆடவரைவிட அதிகம் என்று காட்டிற்று. ஆண்பிள்ளை அழலாகாது என்று வளர்க்கப்பட்டவன், தன் பயத்தைச் சினமாகவோ மௌனமாகவோ வெளியிடுகின்றான். வடுவைத் தொட்டால் வலிக்குமோ, தன் விருப்பத்தைத் தெரிவித்தால் மிருகத்தனம் என்று எண்ணுவாளோ என்னும் தயக்கங்கள் அவனைத் தடுத்து நிறுத்த, அத்தயக்கம் மனைவியின் கண்ணுக்குப் புறக்கணிப்பாகத் தோன்றுகின்றது.

இவ்வாறு ஒருவரையொருவர் காப்பாற்றும் எண்ணத்தாலேயே இருவரும் பேசாதிருப்பதுதான் இப்பிரச்னையின் மையம் என்பது என் துணிபு. மனைவி அழுதால் கணவன் கலங்குவான் என்று அவள் சிரிக்கின்றாள். கணவன் கலங்கினால் மனைவி தளர்வாள் என்று அவன் ஒன்றும் நிகழாதவன்போல் நடக்கின்றான். அமெரிக்காவில் ஷாரன் மேன் என்னும் மனவியல் ஆராய்ச்சியாளர் மார்பகப் புற்றுநோய் கண்ட தம்பதியரிடையே நிகழ்த்திய ஆய்வுகள், தங்கள் கவலையை இருவரும் மனம்விட்டுப் பேசிக்கொள்ளும் இல்லங்களில் மன வருத்தம் குறைவென்றும், ஒருவர் பேச வற்புறுத்த மற்றவர் ஒதுங்கும் இல்லங்களில் அது மிகுதியென்றும் காட்டின. கலிபோர்னியாவில் பட்ரீஷியா கான்ஸ் முதலியோர் செய்த ஆராய்ச்சியிலும், சிகிச்சைக்குப் பின் பெண்ணின் பாலியல் நலத்தை முன்கூட்டி உணர்த்தும் அம்சங்களாக வெளிப்பட்டவை, பிறப்புறுப்பு வறட்சி, மனநலம், தன் உருவத்தைப் பற்றிய எண்ணம், கணவன்-மனைவி உறவின் தன்மை, கணவனுக்குள்ள பாலியல் குறைபாடு ஆகியவையே.

விவாக பந்தம் முறிகின்றதா?

இந்நோய் கண்டால் கணவன் கைவிட்டுவிடுவான் என்னும் அச்சம் பெண்களிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. இதைப் பற்றிக் கிடைக்கும் சான்றுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவன போலத் தோன்றும். அமெரிக்காவில் மூளைக்கட்டி, பிற புற்றுநோய்கள், நரம்பு நோய் ஆகியவற்றால் கடுமையாகத் தாக்குண்ட 515 பேரை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நோயாளி ஆணாயிருந்தபோது 2.9 சதவீதமாயிருந்த மணமுறிவு, நோயாளி பெண்ணாயிருந்தபோது 20.8 சதவீதமாக இருந்தது. மனத்தை உலுக்கும் எண்ணிக்கை இது. ஆனால், நாடு முழுவதன் பதிவேடுகளையும் கொண்டு நார்வேயிலும் டென்மார்க்கிலும் செய்யப்பட்ட பெரிய ஆய்வுகள், மார்பகப் புற்றுநோயால் விவாகரத்து மிகுவதில்லை என்றே முடிவு கூறின. சிறு தொகையினரைக் கொண்டதும், மூளை நோய் போன்று ஆளின் இயல்பையே மாற்றும் வியாதிகளை உட்கொண்டதுமான ஆய்வைவிட, லட்சக்கணக்கான தம்பதியரின் பதிவுகளைக் கொண்ட ஆய்வுகளையே மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை நாம் மிகுதியாக நம்பலாம்.

எனினும், விவாகரத்து நிகழவில்லை என்பதாலேயே உறவு நலமாயிருக்கின்றது என்று முடிவு கட்டலாகாது. ஒரே கூரையின் கீழ் அந்நியராய் வாழும் தம்பதியர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. மணமுறிவு எளிதல்லாத நம் சமூகத்தில் இவ்வெச்சரிக்கை மேலும் பொருந்தும்.

நம் இல்லங்களின் நிலை

தமிழ்க் குடும்பத்தில் இப்பிரச்னைக்குத் தனித்த சில முகங்கள் உண்டு. கணவனும் மனைவியும் தனித்துப் பேசுவதற்கு ஓர் அறைகூட இல்லாத வீடுகள் பல. சிகிச்சை முடிந்து வந்தவளைப் பார்த்துக்கொள்ளத் தாயோ சகோதரியோ வந்து அருகே படுத்துக்கொள்ள, கணவன் திண்ணைக்கோ கூடத்துக்கோ இடம்பெயர்கின்றான்; மாதங்கள் சென்று அவர்கள் ஊர் திரும்பிய பின்னும், மாறிய படுக்கை மாறியபடியே நின்றுவிடுகின்றது. அதனை யாரும் திட்டமிடவில்லை; மீண்டும் சேர்ந்து படுக்கச் சொல்லவும் யாருக்கும் நாவெழவில்லை. வீட்டில் மணவயதில் பெண் இருப்பின், தாய்க்கு இந்நோய் என்று தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்னும் பயத்தால் செய்தி மறைக்கப்படுகின்றது. மறைத்தலின் பாரம் நோயுற்றவள்மீதே விழுகின்றது. மார்பகப் புற்றுநோய்களுள் பரம்பரையாக வருபவை 100-க்கு 5 முதல் 10 வரையே என்பதை உறவினர் அறிந்தால் அப்பயத்தில் பெரும்பகுதி நீங்கும்.

இதனினும் கொடியவை மூடநம்பிக்கைகள். புற்றுநோய் ஒட்டுவாரொட்டி என்று கருதித் தட்டையும் தம்ளரையும் தனியே வைக்கும் வீடுகள் உண்டு. கூடலால் கணவனுக்கு நோய் வந்துவிடும் என்றோ, அடங்கியிருக்கும் நோய் மனைவிக்குத் திரும்பிவிடும் என்றோ நம்பி ஆண்டுக்கணக்கில் விலகி வாழ்வோர் உண்டு. கரண்ட் வைத்தல் எனப் பலரும் வழங்கும் கதிரியக்கச் சிகிச்சை பெற்ற உடம்பைத் தொட்டால் கதிர் தம்மையும் தாக்கும் என்று குழந்தையைக்கூடத் தாயிடமிருந்து அகற்றுவோர் உண்டு. இவற்றுள் ஒன்றும் உண்மையன்று. மார்பகப் புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதில்லை. ஸ்பரிசத்தாலோ முத்தத்தாலோ சம்போகத்தாலோ அது வருவதுமில்லை, திரும்புவதுமில்லை. இயந்திரத்தால் வெளியிலிருந்து செலுத்தப்படும் கதிர்கள் சிகிச்சை முடிந்த கணத்திலேயே நின்றுவிடுவதால், அச்சரீரத்தில் பிறரைத் தாக்கும் கதிர் எதுவும் தங்குவதில்லை. ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கக்கூடிய இவ்வுண்மைகளைச் சொல்லாமல் விட்டதனால் எத்தனை இல்லங்கள் இருண்டுள்ளன என்பதை எண்ணினால் நெஞ்சு பதறுகின்றது.

சொல்லவேண்டியவர் வைத்தியரே. ஆனால், நோயாளி கேட்டால் சொல்வோம் என்று வைத்தியர் காத்திருக்கின்றார். வைத்தியர் கேட்டால் சொல்வோம் என்று நோயாளி காத்திருக்கின்றாள். ஐம்பது வயதைக் கடந்தவளுக்கு இதெல்லாம் எதற்கு என்னும் அபிப்பிராயமும் நம்மிடையே உண்டு; அன்பும் அணைப்பும் வயதோடு உதிர்ந்துவிடுவன அல்ல என்பதை முதிய தம்பதியர் ஒவ்வொருவரும் அறிவர்.

பரிகாரங்கள்

ஜாக் அன்னன் என்னும் மனவியலார் 1970-களில் வகுத்தளித்த படிமுறை ஒன்று இத்துறையில் இன்றும் வழிகாட்டியாக உள்ளது. முதற்படி, இவ்விஷயத்தைப் பேசலாம் என்னும் அனுமதியை நோயாளிக்கு அளித்தல். இரண்டாவது, அவசியமான அளவு செய்தியைத் தெரிவித்தல். மூன்றாவது, அவரவர் நிலைக்கேற்ற யோசனைகளைக் கூறல். நான்காவது, தேவைப்படும் சிலருக்கு மட்டும் நிபுணரிடம் ஆழ்ந்த சிகிச்சை அளித்தல். பெரும்பாலோருடைய தொல்லை முதல் மூன்று படிகளிலேயே தீர்ந்துவிடுமாதலால், அதற்குப் பெரிய கருவிகளோ பெருஞ்செலவோ வேண்டுவதில்லை. தாதியோ ஆலோசகரோ பரிவுடன் கேட்கும் ஒரு கேள்வியே முதற்படியைக் கடக்கப் போதுமானது.

வடுவைக் கணவன் முதன்முறை காண்பது, பெரும்பாலும் தம்பதியர் இருவரும் அஞ்சி ஒத்திவைக்கும் காரியம். கட்டு மாற்றும்போது, மனைவி இசைந்தால், தாதி உடனிருக்க அவனும் அருகிருந்து காண்பது நலம். தள்ளிப்போடத் தள்ளிப்போட அச்சமே வளர்கின்றது. அதற்கு முன், மனைவி தனிமையில் தன் வடுவைத் தானே பார்த்தும் தொட்டும் பழகிக்கொள்ளுதல் வேண்டும். அவள் இன்னும் தயாராகவில்லையென்றால், மெல்லிய உள்ளாடையோ ரவிக்கையோ அணிந்தபடியே கணவனோடு இருப்பதில் குற்றம் ஒன்றுமில்லை.

உறவை மீண்டும் தொடங்குவதற்கு, மாஸ்டர்ஸ், ஜான்சன் என்னும் இரு ஆராய்ச்சியாளர் 1970-இல் விளக்கிய முறை மிகவும் ஏற்றது. கூடலை நோக்கமாகக் கொள்ளாமல், சில வாரங்கள் கையையும் முதுகையும் முகத்தையும் நீவிக்கொடுத்தலும், அருகே படுத்து அணைத்துக்கொள்ளுதலும் மட்டுமே செய்வதென்று இருவரும் ஒப்புக்கொள்வது அம்முறையின் சாரம். இதில் வெற்றி தோல்வி என்பது இல்லை. நிறைவேற்றவேண்டிய கடமையும் இல்லை. நீண்ட நாள் நோயில் படுத்தவனுக்குக் கஞ்சியிலிருந்து தொடங்கிப் படிப்படியாக அன்னமிடுவது போல, உணர்ச்சியும் இம்முறையால் மெல்ல மெல்லத் தன் பழைய பசியைப் பெறுகின்றது. மரத்துப்போன இடத்தை விட்டு வேறிடங்களில் இன்பம் காணவும், வலிக்கும் இடம் இதுவென்று வெட்கமின்றிச் சொல்லவும் தம்பதியர் இதனால் கற்றுக்கொள்கின்றனர்.

வறட்சிக்கு எளிய நிவாரணங்கள் உள்ளன. ஹார்மோன் கலவாத ஈரப்பசைக் களிம்புகளை வாரத்தில் சில நாள் தடவுதலும், கூடலின்போது நீரால் ஆன வழவழப்பு ஜெல்லைப் பயன்படுத்துதலும் பலருக்குப் போதுமானவை. மருந்துக்கடையில் அவை கிடைக்கும். ஈஸ்ட்ரோஜன் கலந்த களிம்பைப் புற்றுநோய் வைத்தியரின் ஆலோசனையின்றி ஒருபோதும் பயன்படுத்தலாகாது. மனச்சோர்வுக்கு மருந்து வேண்டியிருப்பின் அதையும் அவரிடம் தெரிவித்தல் அவசியம். ஏனெனில், அவ்வகை மருந்துகளுள் சில, ஹார்மோன் மாத்திரைகளுள் ஒன்றான டமாக்சிஃபெனின் பலனைக் குறைக்கவல்லவை. நோயுற்ற பக்கத்துக் கையின்மீதும் மார்பின்மீதும் பாரம் விழாதவாறு, சிறு தலையணையைக் கைக்கு அணைகொடுத்துப் படுக்கும் நிலையை மாற்றிக்கொண்டால் வலி பெரிதும் குறையும். களைப்பு மிகும் இரவைவிட, உடம்பு சற்றுத் தெளிந்திருக்கும் காலை வேளையே ஏற்றது என்று கண்டுகொள்ளும் தம்பதியரும் உண்டு.

கருத்தரித்தலைப் பற்றியும் தெளிவு வேண்டும். கீமோவின் காலத்திலும் டமாக்சிஃபென் உட்கொள்ளும் காலத்திலும் கரு உண்டாதல் கருவுக்கு ஆபத்தாகையாலும், மாதவிலக்கு நின்றிருப்பினும் கருத்தரிக்கும் சாத்தியம் முற்றும் நீங்காதாகையாலும், ஆணுறை, காப்பர்-டி போன்ற ஹார்மோன் கலவாத சாதனங்களே தக்கவை. பிள்ளைப்பேற்றை விரும்பும் இளம்பெண்கள், கருமுட்டையையோ கருவையோ உறைநிலையில் சேமித்துவைக்கும் வழியைக் கீமோ தொடங்குமுன்னரே வைத்தியரிடம் விசாரித்தல் வேண்டும். ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டுவரை ஹார்மோன் சிகிச்சை பெற்றபின், அதனை இரண்டாண்டு வரை நிறுத்திவைத்துக் கருத்தரிக்க முயன்ற பெண்களை ஆராய்ந்து 2023-இல் வெளியான சர்வதேச ஆய்வு, குறுகிய காலத்தில் நோய் திரும்பும் அபாயம் அதனால் மிகவில்லை என்று கூறியிருப்பது பல இல்லங்களுக்கு ஆறுதல் தரும் செய்தி.

செயற்கை மார்பு அணிவதும், புதிய மார்பகம் உருவாக்கிக்கொள்வதும், இரண்டும் வேண்டாமென்று தட்டையான மார்போடு வாழ்வதும் பெண்ணின் உரிமை. தக்க எடையுள்ள செயற்கை மார்பு தோற்றத்துக்கு மட்டுமன்றித் தோளின் சமநிலைக்கும் உதவுகின்றது. பணவசதியற்றோருக்குப் பஞ்சும் துணியும் கொண்டு தைத்தவையும் பயன்படும். எதைத் தேர்ந்தாலும், கணவனைத் திருப்தி செய்வதற்காக என்றல்லாமல், தன் மனத்துக்கு உகந்தது என்பதற்காகத் தேர்ந்தவளே பின்னர் வருந்தாதிருப்பாள்.

மனத்துக்கு மருந்து பேச்சே. ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த டேவிட் ஸ்பீகல், நோய் பரவிய பெண்களைக் குழுவாகக் கூட்டி மனம்விட்டுப் பேசவைத்ததால் அவர்கள் ஆயுளே நீண்டது என்று 1989-இல் அறிவித்தார். பிற்காலத்துச் சோதனைகளும், 2007-இல் அவரே வெளியிட்ட மறு ஆய்வும் ஆயுள் நீட்டிப்பை உறுதிசெய்யவில்லை. எனினும், இத்தகைய குழுக்களால் துயரம் தணிகின்றது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. துயரம் தணிதல் தன்னளவிலேயே பெறத்தக்க பேறன்றோ! ஷாரன் மேன் 2005-இல் வெளியிட்ட சோதனையில், கணவரையும் சேர்த்து நடத்திய குழுப் பயிற்சி மனைவியரின் மனச்சோர்வைக் குறைத்தது; அதிலும், கணவரின் ஆதரவு போதாது என்று உணர்ந்த பெண்களுக்கே அதனால் பயன் மிகுந்தது. திருந்தாத கணவன் என்று நாம் ஒதுக்கிவிடும் ஆடவர் பலர், வழி தெரியாதவர்களேயன்றி மனமற்றவர்கள் அல்லர் என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. மெய்யாகவே கொடுமை செய்யும் கணவனிடம் வாழ்பவளுக்கோ முதலில் வேண்டுவது பாதுகாப்பு. அத்தகையவளைச் சேர்ந்து வாழ வற்புறுத்துதல் எவருக்கும் தகாது.

முடிவுரை

இதுவரை நோக்கியவற்றைத் தொகுத்துரைப்பின், மார்பக ரணசிகிச்சைக்குப் பின் தம்பதியரின் அன்னியோன்னியம் குன்றுவதற்கு உறுப்பின் இழப்பு ஒரு காரணமேயன்றி முழுக் காரணமன்று. மருந்தால் விளையும் சரீர மாறுதல்களும், அவற்றைப் பற்றிய அறியாமையும், இருவரும் மேற்கொள்ளும் மௌனமும் சேர்ந்தே அவ்வுறவை வாட்டுகின்றன. இழந்த உறுப்பை இயற்கை திருப்பித் தருவதில்லை. மற்ற மூன்றையும் மனிதர் நீக்கவியலும். ஆதலின், மார்பகச் சிகிச்சை அளிக்கும் ஒவ்வொரு வைத்தியசாலையிலும், ரணசிகிச்சைக்கு முன்னர் ஒருமுறையும் பின்னர் குறிப்பிட்ட இடைவெளிகளிலும் கணவன், மனைவி இருவரையும் ஒருங்கே அழைத்து, உங்கள் தாம்பத்திய வாழ்வு எவ்வாறுள்ளது என்று கேட்கும் வழக்கத்தைச் சிகிச்சைக் குறிப்பேட்டிலேயே சேர்த்துவிடவேண்டும். அக்கேள்வியைக் கேட்கவும் விடையைப் பொறுமையுடன் செவிமடுக்கவும் தாதியரைப் பயிற்றவேண்டும். வீடுகளில் உள்ள பெரியோர்கள், மீண்டும் சேர்ந்து வாழத் தொடங்கும் தம்பதியருக்குத் தனிமையை மனமுவந்து அளிக்கவேண்டும். கணவன்மாரே, உங்கள் மனைவி கேட்குமுன் நீங்களே பேசத் தொடங்குங்கள். நீ எனக்கு முன்போலவே வேண்டியவள் என்பதை அவள் அறிந்திருப்பாள் என்று எண்ணி விட்டுவிடாமல், வாய்விட்டுச் சொல்லுங்கள். சகோதரிகளே, உங்கள் வலியையும் விருப்பத்தையும் வைத்தியரிடமும் கணவரிடமும் கூறுவதில் நாணப்படத்தக்கது யாதொன்றும் இல்லை. நீங்கள் பிழைத்தது வாழ்வதற்காகவே.